முகமில்லாதவன் ஏறிய ஏணி

இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஏணியில் கால் வைப்பதில்லை என்று உதவி மேலாளர் சபதம் எடுத்திருந்தார். கூடத்துச் சீலிங்குக்கு வெள்ளையடிக்கச் சொல்லி மனைவி வாய் வலிக்கக் கேட்டுவிட்டாள். வாளியும் பிரஷ்ஷும் மூலையில் தவம் கிடந்தன. இன்று அவர் கையில் அசைக்க முடியாத சாக்கு இருந்தது. மண்டல மேலாளர் வீட்டுக்கு வருகிறார். அவர் மனசு வைத்தால் 'உதவி' உதிர்ந்து வெறும் மேலாளராகிவிடலாம்.

மண்டலத்துக்கு நீர்வண்ண ஓவியம் என்றால் உயிர். நல்லவேளையாக, மனைவி போன வாரம்தான் ஒன்றைக் கூடத்தில் மாட்டியிருந்தாள். ஓர் ஏணி, பாதியில் ஒரு மனிதன், கையில் வாளி. முகம் மட்டும் இல்லை. எங்கே வாங்கினாய் என்று இவர் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு சுற்றிச் சுற்றிச் சீலிங்குக்கு வந்துவிடும்.

வந்தவர் படத்தின் முன் நின்றுவிட்டார். இவர் விடுவாரா? அவிழ்த்துவிட்டார். ஏணிதான் லட்சியமாம். வாளி குடும்பப் பொறுப்பாம். ஏறுகிற வேகத்தில் தான் யார் என்பதையே தொலைத்துவிட்டானாம், அதனால்தான் முகமில்லையாம்.

"என் கதையும் இதுதான் சார்," என்று குரலைத் தழுதழுக்கவும் வைத்தார்.

மண்டலம் சொக்கிப்போய், வரைந்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் சார். பகல்ல கிளாசுக்குப் போறேன்," என்றாள் காபியோடு வந்த மனைவி.

உதவி மேலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. படத்திலிருந்தது மூலையில் கிடந்த அதே வாளி. நெளிந்த கைப்பிடிகூட அப்படியே. மானம் போச்சு, மேலாளர் நாற்காலியும் போச்சு என்று மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தார்.

அவள் காட்டிக்கொடுக்கவில்லை. "இவர் சொன்னதுதான் சார் அர்த்தம். ஆனா படம் இன்னும் முடியல. முகம் போடணும். யாராவது ஏணியில ஏறி நின்னாத்தானே பார்த்துப் போட முடியும்?"

"அதுக்கென்னம்மா, இவரே நிப்பாரு. லட்சியம் உள்ளவராச்சே. அடுத்த ஞாயிறு வந்து முழுப் படத்தையும் பாக்கறேன். பதவி விஷயத்தையும் அப்பவே பேசிடலாம்."

அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் ஏணி கூடத்துக்கு வந்துவிட்டது. உதவி மேலாளர் வாளியோடு ஏறினார். சும்மா நின்றால் முகத்தில் களை இல்லை, கை வேலை செய்தால்தான் வரும் என்றாள் மனைவி. வேறு வழி? அடித்தார். சீலிங் முழுக்க வெளுத்ததும், கழுத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் முடிந்ததா என்று கேட்டார்.

"கண்ணு முடிஞ்சுதுங்க," என்றாள் அவள். "மூக்குக்குப் படுக்கையறை வெளிச்சம்தான் சரியா வரும். ஏணியைத் தூக்கிட்டு வாங்க."