மொட்டை டிரைவரின் முடியும் முதலாளியின் லாரியும்

லாரி நன்றாக ஓடுமா என்று தெரிந்துகொள்ள உலகத்தில் எல்லாரும் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள். திருத்தணியில் மட்டும் டிரைவரின் தலையைப் பார்ப்பார்கள். அந்தப் பெருமை எங்கள் மொட்டை டிரைவர் ஒருவரையே சேரும்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த சமயம். நான் அப்போது ஒரு லாரி ஷெட்டில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. ஷெட்டில் ஒரே லாரி. அதற்கு ஒரே டிரைவர். அந்த லாரியின் எஞ்சின் பெட்ரோல் குடித்திருக்கிறது, சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையும் குடித்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரமாவது படுத்துக்கொள்ளும். டிரைவர் எஞ்சினை இறக்கி, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, புதிதாகக் கட்டிப் பூட்டுவார். அது முதல் உறுமல் உறுமியதும் நேரே முருகன் மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவார்.

"ஏன்யா, எஞ்சின் கட்டினதுக்கு நீ எதுக்கு மொட்டை போடறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னா சாமி இப்டி கேக்கறீங்க? புள்ள பொறந்தா முடி எறக்கறோமா இல்லியா? எஞ்சினு இப்பதான பொறந்து வந்துகீது! அதுக்கு ஏது முடி? அதான் நான் குடுக்கறேன்."

எங்கள் ஊர் வியாபாரிகள் இதிலிருந்து ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். தலை பளபளவென்று இருந்தால் எஞ்சின் புதிது, அரக்கோணம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரக்கு ஏற்றலாம். முடி காதைத் தொட்டால் ஊர் எல்லை தாண்டுவதே சந்தேகம். வெல்ல மண்டிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், டிரைவரின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையை எடுக்கச் சொல்வார்.

இப்படி இருக்கையில் சீமையிலிருந்து புதுப் பெரிய லாரிகள் வந்து இறங்குவதாகச் செய்தி வந்தது. முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. பழைய லாரிக்கே இன்னொரு தடவை எஞ்சின் கட்டுவதா, புதிதை வாங்குவதா?

"புதுசுன்னா ரெண்டு பங்கு சரக்கு ஏத்தலாம்யா. மேட்டுல நின்னு போயி நாம எறங்கித் தள்ள வேணாம்" என்றார் முதலாளி.

"பழசு நின்னா நம்ம ஊரு கொல்லன் பட்டறையில ஒக்காந்து சரி பண்ணிக்கலாம். புதுசு நின்னா சீமைக்கா ஆள் அனுப்புவீங்க? அதுக்கு நம்ம பேச்சாவது புரியுமா மொதலாளி?" என்றார் டிரைவர்.

புதிது வந்தால் பழசை அரக்கோணத்துப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. உடைத்து உருக்கிவிடுவார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து டிரைவர் சோறே இறங்காமல் லாரியின் சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"முருகன்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம் மொதலாளி. வெள்ளை வந்தா பழசு. செவப்பு வந்தா புதுசு."

"ஆங், அதுவும் சரிதான். நீயே கட்டிகினு வா" என்றார் முதலாளி.

மறுநாள் காலை மூவரும் மலையேறினோம். முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர, டிரைவர் என் காதில் ரகசியம் சொன்னார். "சாமி, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை அரளிதான் கட்டிகீறேன். எத எடுத்தாலும் நம்ம லாரிதான்!"

"அடப்பாவி, முருகனையே ஏமாத்தறியா?"

"அவருக்கும் வேலை மிச்சம்தான?"

சந்நிதியில் பொட்டலங்களை வைத்தாயிற்று. அவற்றை எடுக்கக் குழந்தை வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தைகூட இல்லை. குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பிரம்மச்சாரிதானே, நீயே எடு" என்றார். நான் கையை நீட்டினேன்.

"இரு" என்றார் முதலாளி. கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்தியாகப் பேசினார். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். முருகனுக்கு ஒகந்தது செவப்பு. இத்தினி நாள் ஒழச்ச வண்டிக்கு நாம அந்த மரியாதை குடுக்கணும். அதனால செவப்புதான் பழசுக்கு. வெள்ளை புதுசுக்கு."

டிரைவர் பதறி முன்னால் வந்தார். "மொதலாளி! சாமி மின்னாடி பேச்சு மாத்தலாமா?"

"சாமி இன்னும் எதுவும் சொல்லலியே!"

இரண்டும் வெள்ளை என்று டிரைவரால் அந்த இடத்தில் ஒப்புக்கொள்ளவா முடியும்? இரண்டு வெள்ளைகளுக்கு நடுவில் நான் வெகுநேரம் ஆராய்ந்து ஒன்றை எடுத்தேன். வெள்ளை வந்தது. டிரைவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

புது லாரி வந்தது. பழைய லாரி ஷெட்டிலிருந்து காணாமல் போனது. டிரைவர் புதிதை ஒழுங்காகத்தான் ஓட்டினார். ஆனால் மொட்டை மட்டும் போடவில்லை.

"இது சீமையில பொறந்தது மொதலாளி. அங்க எந்த சாமியோ, அங்கியே முடி எறக்கியிருப்பாங்க. நான் எஞ்சினு கட்டாம மொட்டை போட்டா தெய்வ குத்தம்."

முடி வளர்ந்தது. காதை மூடியது, தோளுக்கு வந்தது. வண்டி வேகமெடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வாயில் வந்து புகுந்தது. குளித்துவிட்டு அவர் பானெட்டில் சாய்ந்து முடி உலர்த்துவதைப் பின்னாலிருந்து பார்த்தவர்கள், முதலாளி யாரோ ஒரு அம்மாவை வேலைக்கு வைத்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

வெல்ல மண்டிக்காரர் வந்தார். லாரியை ஏறெடுத்தும் பார்க்காமல் டிரைவரின் தலையைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இம்மாம் முடி கீது? என் வெல்லம் மாட்டு வண்டியிலியே போவட்டும்."

"பாவா, வண்டி புத்தம் புதுசு!" என்று முதலாளி கெஞ்சினார்.

"வண்டி புதுசுதான் பாவா. தலை?"

ஊரே அப்படித்தான் கேட்டது. சீமை லாரி காலியாக நின்று காக்கைகளுக்கு நிழல் கொடுத்தது. ஒருநாள் முதலாளி பொறுக்க முடியாமல் டிரைவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் கொட்டகைக்குப் போனார். நானும் ஓடினேன். அங்கே வைக்கோலுக்கு நடுவே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பழைய லாரி நின்றது.

"இந்தா, எஞ்சினைக் கட்டு. கட்டித் தொலைச்சிட்டு மொட்டை போடு!"

டிரைவர் லாரியின் விளக்கைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, "மொதலாளி, நான் பாவி. அன்னிக்கி ரெண்டுலயும் வெள்ளைதான் கட்டினேன்" என்றார்.

"தெரியும்டா. பூக்கடையில நீ வெள்ளை மட்டும் வாங்கிகினு போனியே, எதிர்ல நின்னு பாத்துகினுதான இருந்தேன்!"

"அப்ப ஏன் இத இரும்புக்காரனுக்குப் போடல?"

முதலாளி தார்ப்பாயின் தூசியைத் தட்டினார். "போடலாம்னுதான் போனேன். சண்டைக் காலத்துல நாம ரெண்டு பேரும் இதுலதான கரிப்பொகை தின்னோம். மனசு வரல. போடா, போயி வேலையப் பாரு."

எஞ்சின் உறுமிய அன்றைக்கு டிரைவர் மலையேறினார். சந்நிதியில் பேச்சு மாற்றியதற்காக முதலாளியும் கூடவே ஏறினார். இருவரும் பளபளவென்று இறங்கி வந்தார்கள். மண்டிக்காரர் இரண்டு தலைகளையும் தடவிப் பார்த்தார். பழசை ஓட்ட டிரைவரின் தலை, புதிதை ஓட்ட முதலாளியின் தலை என்று கணக்குப் போட்டார். அன்று இரண்டு லாரியிலும் கயிறு கட்ட இடமில்லாமல் வெல்லம் ஏறியது.

எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். இன்றைக்கும் லாரியோ பஸ்ஸோ, ஏறுவதற்கு முன்னால் டிரைவரின் தலையைத்தான் பார்க்கிறேன். எல்லாருக்கும் படிய வாரிய அழகான கிராப்பு. அழகாக இருந்து என்ன, எனக்கு ஒருத்தர் தலையும் பிடிக்கவில்லை.