மூலப்பத்திரம் மலையேறிய கதை

பொறாமைப்படுவதற்கு அந்நியர்கள் லாயக்கில்லை. பக்கத்துத் தெருக்காரன் கார் வாங்கினால் இரண்டு நாள் வயிறு எரியும், மூன்றாம் நாள் மறந்துபோகும். ஆயுசுக்கும் அணையாமல் எரிய வேண்டுமென்றால் ஒரு சகலை வேண்டும். எனக்கு வாய்த்த சகலையின் பெயர் கோவிந்தன்.

நான் எம்.ஏ., பி.டி. படித்தவன், கள்ளக்குறிச்சியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியன். என் மனைவி சரோஜாவின் தங்கை வசந்தாவைக் கட்டிய கோவிந்தன் எட்டாவதோடு நின்றவர், சங்கராபுரத்தில் மரவள்ளிக் கிழங்கு வியாபாரி. மாமனார் வீட்டில் எனக்கு நாற்காலி போடுவார்கள், அவருக்குப் பாய் விரிப்பார்கள். பிறகு அவர் லாரி வாங்கினார். நாற்காலி இரண்டாயிற்று. (என் சரிவு அன்றைக்கே தொடங்கிவிட்டது.)

நாங்கள் எட்டு வருடமாக ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். திருக்கோவிலூரில் இருந்த வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "விக்கலாம்னு இருக்கேன் சார். மொதல்ல உங்களத்தான் கேக்கறேன்" என்றார். நான் "பார்க்கலாம்" என்றேன். ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாம் மாதம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த கோவிந்தன் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவர், கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், திரும்பி வந்து, "அண்ணே, நீங்க வாங்கலன்னா நான் வாங்கிக்கட்டுமா?" என்றார்.

"தாராளமாக" என்றேன். அந்தச் சொல்லை என் வாய்தான் சொன்னது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கிழங்கு வியாபாரி சொந்தக்காரன்! மாதம் பிறந்தால் அவர் கையில் வாடகை கொடுத்துவிட்டு, ஓடு ஒழுகினால் அவரிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டும்! இதை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைவே இல்லை.

வாய்ப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். வீட்டின் மூலப்பத்திரத்தை என் கையில் வைத்து, "எனக்கு இதெல்லாம் இன்னா புரியும்? நீங்க படிச்சவரு, ஒருவாட்டி பாத்துடுங்க அண்ணே" என்றார். ஒரு வாரம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். எங்காவது ஒரு மைனர் வாரிசு, ஒரு கையெழுத்துப் போடாத அத்தை, ஒரு பழைய அடமானம் அகப்படாதா? ஒன்றும் அகப்படவில்லை. நூற்றுக்கு நூறு போட வேண்டிய பத்திரம்.

ஆனால் ஒரு சங்கதி எனக்குப் புலப்பட்டது. ஆனி மாதத்தின் கடைசி நாள் பதிவு என்று குறித்திருந்தார்கள். மறுநாள் ஆடி. ஆடியில் எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டிகூட வாங்க யோசிப்பார்கள், வீடு யார் வாங்குவார்கள்? பத்திர எழுத்தரோ மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் நான்கு எல்லையை எழுத மாட்டேன் என்கிற பிடிவாதக்காரர். அந்த ஒரு நாள் பத்திரம் வந்து சேராவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும். ஒரு மாதத்தில் என்னென்னவோ நடக்கலாம்.

சாட்சிக் கையெழுத்துப் போட நானும் வருவதாகப் பேச்சு. அதற்காகத் தற்செயல் விடுப்புகூட எடுத்திருந்தேன். அந்த விடுப்பில், விடியற்காலை முதல் பஸ் பிடித்து, பத்திரத்தைத் தோள்பையில் வைத்துக்கொண்டு, கல்வராயன் மலைக்குப் போய்விட்டேன். "வெள்ளிமலைப் பள்ளியில் அவசர வேலை, பத்து மணிக்குள் வந்துவிடுவேன்" என்று சரோஜாவிடம் சொன்னேன். பத்திரம் பையில் இருப்பதை மறந்தே போய்விட்டேன் என்பது திட்டம். சாயங்காலம் இறங்கி வந்து நெற்றியில் அடித்துக்கொண்டு "ஐயய்யோ!" என்று கத்த வேண்டும். மலைப்பாதையின் வளைவுக்கு வளைவு அந்த "ஐயய்யோ"வைப் பல விதமாக ஒத்திகை பார்த்தேன்.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாள் கொடுத்த டீயைப் பாதி குடித்திருப்பேன், பழக்கமான மோட்டார் சைக்கிள் சத்தம். கிழங்குக்காக வாரம் இரண்டு தடவை மலைக்கு வருகிற மனிதர், ஒவ்வொரு கடையும் அவருக்கு அத்துப்படி என்பது என் எம்.ஏ. மூளைக்கு உறைக்கவில்லை. தம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் ஓடி, விறகுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

"இன்னா கெயங்குக்காரரே, இன்னிக்கி லாரி இல்லாம வந்துகினு கீறீங்க?"

"லாரிய வுடும்மா. எங்க அண்ணன் ஒருத்தரு, கண்ணாடி போட்டுகினு, வாத்தியாரு. இந்தப் பக்கம் வந்தாரா?"

"இப்பத்தான் டீ குடிச்சிகினு இருந்தாரு. இதோ கிளாஸ் கீது, ஆளக் காணோமே!"

"பாதியிலயே வெச்சிட்டுப் போயிட்டாரா? மயக்கம் கியக்கம் வந்துச்சா? அவருக்கு மறதி ஜாஸ்திம்மா. இன்னிக்கி ரிஜிஸ்டர்ன்றதையே மறந்துட்டு, பத்திரத்தையும் எடுத்துகினு வந்துட்டாரு. மனுசன் வழி தெரியாம எங்க போயி வுழுந்தாரோ."

இதற்குள் விறகிலிருந்த முசுறு எறும்புகள் என்னைக் கண்டுபிடித்துவிட்டன. காலில் தொடங்கி, முதுகு வழியாக, காது, கண்ணிமை, உதடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கத்த முடியாது. தட்ட முடியாது. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு, சகலை என்னை அருவிப் பக்கம் தேடிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. எழுந்து கூப்பிட்டிருந்தால் இரண்டு மணிக்குள் பதிவு அலுவலகத்தில் இருந்திருப்போம். எழுந்தேன், ஆனால் கூப்பிடவில்லை. மற்றதையெல்லாம் அசட்டுத்தனம் என்று தள்ளிவிடலாம். இது ஒன்று மட்டும் அசட்டுத்தனம் இல்லை.

"அடக் கடவுளே! வெறகுல இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்றாள் கடைக்கார அம்மாள்.

"வயிறு சரியில்லை."

"அதுக்கு என் வெறகா கெடச்சுது?"

மூன்றரை மணிக்கு அருவி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்து, மழையில் தொப்பலாக நனைந்து வந்த கோவிந்தன் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தார். என் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"யாருண்ணே அடிச்சாங்க?"

நான் பத்திரத்தை எடுத்து நீட்டி, அத்தனை வளைவிலும் ஒத்திகை பார்த்த "ஐயய்யோ"வைச் சொன்னேன். வீங்கிய உதட்டில் அது "பைபய்போ" என்று வந்தது.

"அது கெடக்குது, வுடுங்க" என்று பத்திரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, என்னைப் பின்னால் உட்கார வைத்து, நேராக டாக்டரிடம் கொண்டுபோனார். வழியில் பதிவு அலுவலகம் பூட்டிக்கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த வீக்கத்திலும் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஆடி பத்து வரைக்கும் நீடித்தது. ஆடியாவது ஆவணியாவது என்கிற ஓர் ஆசாமி வந்து, வீட்டுக்காரருக்குக் கூடுதல் விலை சொல்லி, ஆடி நடுவிலேயே பதிந்துகொண்டு போய்விட்டார். அவர் எங்களுக்குச் சொன்ன முதல் வார்த்தை, "எப்ப காலி பண்றீங்க?"

ஆவணியில் கோவிந்தன் அடுத்த தெருவில் வேறு வீடு வாங்கினார். பழையதைவிடப் பெரியது, மாடி வைத்தது. தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நின்ற எங்களைக் கீழ்ப்பகுதியில் குடிவைத்தவரும் அவர்தான். நாலு வருடம் இருந்தோம். முதல் மாதம் வாடகையை நீட்டியபோது, "அண்ணன்கிட்ட வாடகை வாங்குவாங்களா? இன்னாண்ணே நீங்க" என்று என் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

குடும்பத்தில் அன்று பிறந்த கேலி இன்றும் ஓடுகிறது. ரேஷன் கார்டோ, கல்யாணப் பத்திரிகையோ, எந்தக் காகிதத்தை நான் தொட்டாலும் வசந்தா, "மாமா கையில குடுக்காதீங்க, மலைக்குப் பூடும்" என்பாள். நான் மறதிக்காரன் என்பது எங்கள் வம்சத்தில் நிலைத்துவிட்ட உண்மை. நானும் அந்த மறதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

போன தை மாதம் கோவிந்தனின் பேத்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. எல்லாரும் கூடியிருந்தபோது எழுந்து, "நான் மறக்கவில்லை. பொறாமையில் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு போனேன். விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்" என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

கூடமே அதிரச் சிரிப்பு.

"பாவம், மறந்ததையே மறந்துட்டாரு!" என்றாள் வசந்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நிஜமாகத்தான் சொல்கிறேன் கோவிந்தா!"

அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "செரிண்ணே, செரி. வெயில்ல வந்தது. மொதல்ல சாப்டீங்களா, அத்தச் சொல்லுங்க."

"சாப்பிட்டுவிட்டேன்" என்றேன். முதல் பந்தியிலேயே பாயசம் வரை சாப்பிட்டிருந்தேன்.

அதையும் யாரும் நம்பவில்லை. என்னை உட்கார வைத்து மறுபடி இலை போட்டார்கள்.