ஆமணக்குத் தண்ணியும் என் ரெண்டு செட்டுப் பல்லும்

பல்லு என்னுது. அதுக்கு அடியில பூஞ்சை பூத்தா அந்தத் தோட்டமும் என்னுது. எவளுக்கும் பதில் சொல்ல மாட்டேன்னு போன வாரமே சபதம் போட்டுட்டேன். மனசுக்குள்ளதான். சத்தமாப் போட்டா சுலெய்டி காதுல விழுந்துரும்.

சுலெய்டி என் பொண்டாட்டி. பல் டாக்டர் பேச்சைக் கேட்டதுல இருந்து ஆடுறா. என் அண்ணம் செவந்து கெடக்காம். பல்செட்டுல பூஞ்சையாம். தெனம் மத்தியானம் சாப்பிட்டதும் கழட்டி, ஆமணக்கெண்ணெயில செஞ்ச தண்ணியில இருபது நிமிஷம் ஊறப்போடணுமாம்.

"ஆமணக்கெண்ணெய் பேதிக்குக் குடிக்கிறதுடி! என் பல்லுக்கு என்ன மலச்சிக்கலா?"

"வாயத் தொறக்காதய்யா, நாத்தம். ஊறப்போடு."

பிரேசில்ல, எங்க பரைபா பக்கம் வந்து கேட்டுப் பாருங்க. யோவான் திருநாள் ஜோடி ஆட்டத்துக்கு இருபத்திரெண்டு வருஷமா அடுத்த அடி என்னன்னு கூவுறவன் நாந்தான். நான் கூவினாத்தான் நாப்பது ஜோடியும் காலெடுக்கும். அப்பேர்ப்பட்ட வாய், தெனம் இருபது நிமிஷம் பொக்கையாக் கெடக்கறதா?

அலமாரியில பழைய செட்டு ஒண்ணு கெடந்துச்சு. அதைத் தூக்கி டம்ளர்ல போட்டேன். புதுசு வாயிலயே இருந்துச்சு. உதட்ட உள்ள மடிச்சு, எங்க ஊர்ல பெரியவங்க படுக்கிற தூளியில படுத்துக்குவேன். என்ன கேட்டாலும் "ம்ம்ம்". ஆறு நாள் வெற்றி!

திருநாளன்னிக்கு, சரியா ஊறல் நேரத்துல இவொனெட்டி வந்தா. வீடு வீடா நோய்நொடி விசாரிக்கிற சுகாதாரக்காரி. ஆட்டத்துக்கு ஏற்பாடு பண்றதும் அவதான்.

"ஜெனிவால்டு அண்ணே, சாயங்காலம் கூவுறது நீங்கதானே?"

"ம்ம்ம்."

சுலெய்டி முந்திக்கிட்டா. "முடியாதுங்கிறார். இந்த வருஷம் என்னையக் கூவச் சொல்றார்."

"ம்ம்ம்! ம்ம்ம்!"

"பாத்தியா, ரெண்டு தடவ சொல்றார்."

"அப்ப அக்கா பேரையே எழுதிக்கிறேன்."

"எழுதினா, பேனாவ ஒடிப்பேன்! செத்தாலும் நாந்தான்டி கூவுவேன்!"ன்னு கத்திட்டேன்.

ஒவ்வொரு எழுத்தும் மணி மாதிரி விழுந்துச்சு. அதான் வெனை.

சுலெய்டி டம்ளரைத் தூக்கிக் காட்டினா. "இவ்வளவு சுத்தமாப் பேசுறியே. அப்ப இது யாரு பல்லுய்யா?"

"அது... ஓய்வு பெற்ற பல்லு."

"கோரைப்பல்லு ஒண்ணு கொறையுதே. மொத நாளே பாத்துட்டேன். அதான் இவள இந்த நேரத்துக்கு வரச் சொன்னேன்."

"ஆறு நாளா ஏன்டி சொல்லல?"

"ஆறு நாளும் மத்தியானம் நீ பேசாம இருந்தியே, அந்தச் சொகத்தக் கெடுப்பானேன்?"

இவொனெட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா. "அய்யய்யோ, அண்ணம் பீட்ரூட்டாட்டம் இருக்கே! நாளைக்குக் காலை வரைக்கும் செட்டு வெளியதான் அண்ணே. வாய் ஆறணும்."

"மாட்டேன்!"னு கர்ஜிச்சேன். கர்ஜிக்க வாயத் தொறந்ததுதான் தப்பு. சுலெய்டி கை உள்ள போச்சு, பல்லோட வெளிய வந்துச்சு.

சாயங்காலம் சொக்கப்பானை எரியுது. சுட்ட சோள வாசம் தூக்குது. கடிக்கத்தான் பல்லில்ல. மேடையில என் ஓலத்தொப்பியோட சுலெய்டி. இவ கூவி நான் ஆடுறதா? வெறைச்சு நின்னேன்.

"ஆம்பளைங்கல்லாம் பொம்பளைங்களக் குனிஞ்சு கும்பிடுங்க!"ன்னு கூவினா. என் சத்தத்தையே மிஞ்சின சத்தம்.

குனியவே கூடாதுன்னு உறுதியா இருந்தேன். குனிஞ்சுக்கிட்டேதான் உறுதியா இருந்தேன்.