எண்ணூர் மகாசாசனம்

உலக வரலாற்றைத் திருப்பிப்போட்ட ஆவணங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சிலவற்றைச் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கிலாந்து மன்னர் ஜான் தேம்ஸ் நதிக்கரையில் முத்திரையிட்ட மகாசாசனம், அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம், பிரெஞ்சுக்காரர்களின் மனித உரிமைப் பிரகடனம். எல்லாம் நல்ல முயற்சிகள்தான். ஆனாலும் ஒரு குறை. ஆட்கள் கூச்சல் போட்ட பிறகு எழுதப்பட்டவை அவை. எண்ணூர் ஆற்றங்கரையில் அடியேன் எழுதிய ஆவணமோ, மக்கள் வாயைத் திறப்பதற்கு முதல்நாளே எழுதி முடிக்கப்பட்டது.

அதன் திருநாமம் 'மக்கள் கருத்துக்கேட்புக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு'. எங்கள் தொழிற்சாலை, முகத்துவாரத்துக்குக் குறுக்கே இன்னொரு சாம்பல் கழிவுக் குழாய் போடப் பெருந்தன்மையோடு முன்வந்திருந்தது. குழாய் வந்தால் அங்கே வலை வீச முடியாது என்பது மீனவர்களின் 'அச்சம்'. அச்சத்தைக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். எழுதும் சிரமத்தை அதிகாரிகளுக்குத் தரக்கூடாதென்று அந்தப் பொறுப்பையும் நாங்களே ஏற்றுக்கொண்டோம்.

"நாளைக்குக் கூட்டம் எப்படி நடந்துச்சு?" என்று முதல்நாள் மாலை கேட்டார் எங்கள் பொது மேலாளர் தாமஸ்.

"பிரமாதமா நடந்துச்சு சார். ஜனங்க பலமா கைதட்டி வரவேற்றாங்க."

"மீனைப் பத்தி?"

நான் வாசித்தேன்: "'ஆற்று நீர் தூய்மையாக உள்ளது. மீன்கள் உண்ணத் தகுந்தவை. மக்கள் இதை மகிழ்ச்சியுடன் ஏற்றனர்.'"

தாமஸ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஆற்றங்கரையில் ஷாமியானா. ஏர்கூலர் மேடையைப் பார்த்து, வெயில் மக்களைப் பார்த்து. மீன் விற்கும் குப்பம்மா முதல் ஆளாக வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"யோவ், அந்த ஆத்துல எறங்கிப் பாத்துக்கீறியா? முட்டி வரிக்கும் சாம்பல் கீது. என் வூட்டுக்காரு வலையப் போட்டா வலையே கறுத்துப்போயி வருது. இன்னொரு கொயா போட்டா நாங்க எங்கய்யா போறது?"

குறிப்பைப் பார்த்தேன். அந்த இடத்தில் 'பலத்த கரவொலி' என்றிருந்தது. கரவொலி வரவில்லை. உடனே தாமஸ் சாரே எழுந்து கைதட்டினார். ஆவணம் பொய்யாகிவிடக் கூடாதல்லவா? பின்வரிசைப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். 'மண்ணின் மக்கள் மண் தூவி ஆசீர்வதித்தனர்' என்று ஓரத்தில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு குறிப்பைச் சத்தமாக வாசித்தேன். மேடையில் இருந்த அதிகாரி, நிபுணர், தாமஸ் சார் என வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். குப்பம்மா கூடையை எடுத்துக்கொண்டு மேடையேறினாள்.

அந்த மீனவர் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சண்டைக்கே வந்தவனாக இருந்தாலும், போகும்போது குழம்புக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். வேண்டாம் என்றால் அவமரியாதை. அவள் ஒவ்வொருவர் முன்பும் ஒரு பையை வைத்தாள்.

"எடுத்துகினு போ நைனா. காலைல இதே ஆத்துல புடிச்சது. கொடுவா, எறா. அல்லாம் உசுரோட கீது."

"ஐயோ, இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா" என்றார் தாமஸ் சார்.

"சர்ச்சுக்குப் போறவங்கோ வெள்ளிக்கியமன்னா மீனுதானே துன்னுவாங்கோ?"

மீன் உண்ணத் தகுந்தது என்று சான்றளித்த நிபுணருக்குத் திடீரென்று மீன் ஒவ்வாமை வந்துவிட்டது. அதிகாரிக்குக் காரில் வாடை அடிக்குமாம்.

"துன்னலாம்னு கையெயுத்து போட்டீங்கோ. துன்றதுக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றாள் குப்பம்மா. "எம் பொண்ணு சினேகா, ஆறு வயசு. தெனமும் இத்தத்தான் துன்றா. எங்களுக்கு வேற இன்னா கீது?"

கார்கள் கிளம்பிவிட்டன. பைகள் மேசையில் அப்படியே இருந்தன. அதில் ஒன்றை எடுத்து அவள் என் கையில் திணித்தாள்.

"நீதானே எயுதினே. நீயாச்சும் எடுத்துகினு போ."

எழுதியவன் நான், மறுக்கலாமா? வாங்கிக்கொண்டேன். 'மக்கள் அன்புடன் அளித்த மீனைப் பெற்றுக்கொண்டோம்' என்று கடைசி வரியும் சேர்த்தேன். இன்றுவரை அந்த ஆவணத்தில் அது ஒன்றுதான் முழு உண்மை.

விம்கோ நகர் மெட்ரோ நிலையம் வரை பையை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்து, வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டேன். வேறென்ன செய்ய? என் வீட்டிலும் ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.