முகத்தில் அப்பிய மல்பெரி இலை

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முகம் ஒன்றைத் தவிர.

“மல்பெரி இலையில் நிறத்தை வெளுக்க வைக்கும் சத்து இருக்கிறதாமே, உன் மகள் ஆய்வுக்கூடத்தில் அதைத்தானே பார்க்கிறாள், எனக்கும் கொஞ்சம் அனுப்பு” என்று போனில் கேட்டாய் அல்லவா, அக்காவுக்குக் கொடுப்பதை முதலில் நாமே சோதித்துவிடுவோம் என்று பின்வாசல் மரத்தில் ஒரு கூடை இலை பறித்து, மிக்ஸியில் அரைத்து, முகம் முழுக்க அப்பிக்கொண்டு, நாற்காலியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். கதவைத் தட்டிய கேஸ்காரர் என்னைப் பார்த்ததும் சிலிண்டரை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார். கழுவிப் பார்த்தால் முகம் வெளுக்கவில்லை. தக்காளியாய்ச் சிவந்து வீங்கி, கண்கள் இருந்த இடமே தெரியவில்லை.

வேலை முடிந்து வந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, அந்த இலையில நூத்துக்கணக்குல பொருள் இருக்கு. அதுல ஒண்ணைப் பிரிச்செடுக்க நாங்க மாசக்கணக்கா உசிரை விடறோம். நீங்க மொத்தத்தையும் அரைச்சு அப்பிக்கிட்டீங்களே!”

வீக்கம் வடிந்ததும், “வாங்க, எதை அழிக்கப் பார்த்தீங்கன்னு காட்டறேன்” என்று ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துப் போய், நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தாள். அக்கா, என்ன சொல்வேன்! கண்ணாடித் தட்டில் மனிதத் தோலின் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரு. அந்தக் கருவின் தலைமேல் மட்டும் பழுப்புப் பொடி குவிந்து கிடந்தது.

“என்னம்மா இது, அழுக்கா?”

“அதுதாம்பா உங்க கறுப்பு. வெயில் கருவுல படாம குடை பிடிக்குது.”

“யாரு பிடிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அதுவே பிடிக்குது.”

“அப்ப இலை என்ன பண்ணும்?”

“அந்தப் பொடியைச் செய்யற நொதியோட கையைக் கட்டிப்போடும்.”

பஸ் நிலையத்தில் டிக்கெட் பரிசோதித்த காலமெல்லாம் நான் திட்டித் தீர்த்த நிறம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கோடிக்கணக்கான குடைகளை விரித்து எனக்காக வெயிலில் நின்றிருக்கிறது! எங்கோ காம்பில் தொங்கும் இலைக்கு என் தோலுக்குள் யார் கையைக் கட்டுவது என்று தெரிந்திருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல? திரும்பும்போது பஸ்ஸில் ஒவ்வொருவரின் கையையும் முகத்தையும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஆகவே இலை அனுப்புவதாக இல்லை. வெளுப்பு ஆசையை நான் விட்டொழித்தேன், நீயும் விட்டுவிடு. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோருடைய குடையும் சாயாமல் நிற்கட்டும்.

அன்புத் தம்பி

பி.கு.: அண்ணி, இது நான், உங்க தம்பி பொண்டாட்டி. கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தார். காலையிலேருந்து கண்ணாடி முன்னாடியே நின்னுக்கிட்டு, “இடது கன்னம் கொஞ்சம் வெளுத்திருக்கில்ல?”ன்னு கேட்டுக்கிட்டிருக்கார். தோல் உரிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல. ஆமாங்கன்னு சொல்லி வெச்சேன். இப்ப பாட்டுப் பாடிக்கிட்டே ஷேவ் பண்றார்.