குத்துக்கல்வலசை வீடும் மூன்றாம் பிரிவும்

தென்காசி,
ஞாயிறு.

அன்புள்ள மாப்பிள்ளை புவனேஷ் அவர்களுக்கு,

மாமனார் முத்துக்குமாரசாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் அபர்ணாவும் நலம் என்று, மறுப்புக்கு உட்பட்டு, அனுமானிக்கிறேன்.

சாரல் தொடங்குமுன் குத்துக்கல்வலசையில் அபர்ணா ஆசைப்பட்டபடி ஒரு வீடு வாங்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். ரெங்கம்மாள் என்பவரின் வீடு அமைந்துவிட்டது, வியாழக்கிழமை பத்திரப்பதிவு. ஆயினும் நடந்தவற்றை மறைக்காமல் தெரிவிப்பது உங்கள் பிரதிநிதியான என் கடமை.

வீட்டைக் காட்டிய புரோக்கர் தங்கசாமியிடம், "நீர் விற்பவருடைய ஆளா, வாங்குபவருடைய ஆளா?" என்று முதல் நாளே கேட்டேன். "கல்யாணத் தரகர்ட்ட இப்படிக் கேப்பீங்களா அண்ணாச்சி? ரெண்டு வீட்டுலயும் சாப்பிடுதவம்லா!" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் வழக்காடிய எனக்கு இது போதுமா? அவர் நமக்கு மட்டுமே விசுவாசமாக இருக்க வேண்டும், வீட்டில் தமக்குத் தெரிந்த எந்தக் குறையையும் நம்மிடம் மறைக்கக் கூடாது (இது மூன்றாம் பிரிவு) என்று மூன்று பக்க ஒப்பந்தம் எழுதினேன். வாசிக்காமலே கையெழுத்திட வந்தவரை வாசிக்கச் சொன்னது என் பிழை. மறுநாள் ரெங்கம்மாள் எங்களுக்குக் காப்பி கொண்டுவரும்போதே தங்கசாமி நடுக்கூடத்தில் நின்று, "மூணாம் பிரிவுப்படி சொல்லுதேன் அண்ணாச்சி, சாரல் அடிச்சா வடக்குச் சுவரு ஊறும், மாடிப்படி ஒண்ணு ஆடும், பக்கத்து வீட்டுக்காரன் நாதஸ்வரம் பழகுதான்" என்று ஒப்பிக்க, "ஏலே தங்கசாமி, எனக்கு இந்த வீட்ட வாங்கித் தந்தவனே நீதானலே! அன்னைக்கு இதெல்லாம் சொன்னியாலே?" என்று அந்த அம்மாள் கேட்க, "அன்னைக்கு ஒப்பந்தம் இல்லல்லா ஆச்சி" என்று இவர் சொல்ல, காப்பி உள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

மாலையில் ரெங்கம்மாள் நம் வீட்டுக்கு வந்தார். "தங்கசாமி உங்க ஆளாயிட்டான். எனக்குன்னு பேச யாரு இருக்கா அண்ணாச்சி?" என்று கண் கலங்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் இல்லாமல் நிற்பதை என்னால் பார்க்க முடிவதில்லை. ஆகவே எவருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டுமே சொன்னேன்: வீட்டை விற்றுவிட்டுக் கோவையில் மகனோடு போய் இருக்குமுன், மகனையும் மருமகளையும் தனித்தனியாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம். அவ்வளவே. தேறிப் போனார்.

உங்கள் இருவருக்கும் சகல நன்மைகளும், நிபந்தனையோ காலவரம்போ இன்றி, உண்டாவதாக.

அன்புடன்,
முத்துக்குமாரசாமி

பின்குறிப்பு: வியாழக்கிழமை பத்திரப்பதிவு என்பதை நீக்கி வாசிக்கவும். ரெங்கம்மாள் இப்போதுதான் வந்து போனார். மகன் "வாங்கம்மா" என்றாராம், மருமகள் "எத்தன நாளு இருப்பீங்க அத்த?" என்றாராம். வீட்டை விற்கப் போவதில்லை. "நல்ல நேரத்துல சொன்னீங்க அண்ணாச்சி" என்று ஒரு பலாப்பழம் கொடுத்தார். பிரதிநிதிக்குக் கிடைக்கும் எதுவும் பொறுப்பளித்தவரையே சேர வேண்டும் என்பதால், பழம் உங்களுக்குப் பஸ்ஸில் வருகிறது. யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று அபர்ணா கேட்டால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் என் பிரதிநிதியாக இருந்து ரகசியம் காக்கவும்.