கடல் தொட்டியில் படிந்த ஏடு

வெள்ளிக்கிழமை காலை விலங்கியல் துறை அறையைத் திறந்த ஆசீர் வாசலிலேயே நின்றுவிட்டான். மீன் தொட்டியின் தண்ணீர் மேல் பாலேடு போல ஏதோ படிந்திருந்தது. பாலேடு வெள்ளையாக இருக்கும். இது ரோஸ். போதாக்குறைக்கு மீன் மார்க்கெட் வாடை வேறு.



தொட்டி துறைத் தலைவர் அமிர்தசாமியுடையது. உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், நாலு கோடுபோட்ட மீன் என்று ஆறடி நீளத்துக்கு ஒரு கடலையே திருச்சிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். பெற்ற மகனைக்கூட அவர் இப்படிக் கவனித்ததில்லை என்று அவர் மனைவியே சொல்வதுண்டு. ஆராய்ச்சி வேலையாகப் பத்து நாள் லட்சத்தீவு போகும்போது, தொட்டியை ஆசீரிடம் ஒப்படைத்திருந்தார்.

"தண்ணில ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே எனக்கு போன் பண்ணுங்க ஆசீர்."

ஆசீர் அந்தக் கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளன். அடுத்த மாதம் ஒரே ஒரு நிரந்தர இடத்துக்கு நேர்காணல். தேர்வுக் குழுவில் அமிர்தசாமி தலையசைத்தால்தான் உண்டு. ஆசீர் டாக்டர் பட்டம் வாங்கியது பட்டுப்புழுவில். புழுவைப் பற்றி எது கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வான். கடலைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது வேளாங்கண்ணியில் கால் நனைத்த வரைதான்.

"சாருக்கு ஒரு போன் போட்டுருவமா?" என்றார் மூக்கன். லேப் அட்டெண்டர். ஜீயபுரத்திலிருந்து தினமும் மொபெட்டில் வருபவர்.

"எதுக்குண்ணே? பத்து நாள் ஒரு தொட்டியப் பாத்துக்கத் தெரியாதவன், பர்மனென்ட் ஆகி என்னத்தக் கிழிப்பான்னு நினைக்க மாட்டாரா?"

"அவருதான போன் பண்ணச் சொன்னாரு?"

"சொல்லுவாங்க. பண்ணாம இருக்கானான்னுதான் பாப்பாங்க."

மூக்கனுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. ஆனால் படித்தவர்களோடு வாதாடி அவருக்குப் பழக்கமில்லை.

ஆசீர் எடமலைப்பட்டி புதூருக்கு, மனைவி ஷெர்லினுக்கு, போன் போட்டான்.

"இதுக்குப் போயா பதறுறீங்க? குழம்புல எண்ணெய் மிதந்தா நான் பேப்பர் போட்டு எடுக்கல? அதேதான்" என்றாள் அவள்.

அவள் சொன்னது டிஷ்யூ பேப்பர். துறையில் இருந்தது செய்தித்தாள். தண்ணீர் மேல் விரித்த நிமிஷமே அது ஊறி, கிழிந்து, துண்டு துண்டாகப் போய் பம்ப்பில் சிக்கிக்கொண்டது. பம்ப் இருமிவிட்டு நின்றது.

ஆசீர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோள் வரை உள்ளே விட்டு, காகிதத்தைப் பிடுங்கினான். பம்ப் ஓடியது. கையை வெளியே எடுத்த பிறகுதான், காலையில் தலைவலிக்கு அந்தக் கையால்தான் தைலம் தேய்த்தோம் என்பது ஞாபகம் வந்தது. ரோஸ் ஏட்டைச் சுற்றி இப்போது வானவில் நிறத்தில் எண்ணெய் வட்டமிட்டது. பவளமெல்லாம் கோபித்துக்கொண்டு சுருங்கியது. மீன்கள் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

"இப்பவாச்சும் போன் போடலாமே சார்?"

"இப்பதான் போடவே கூடாதுண்ணே!"

மேல்தண்ணீர் கலங்கினால் ஏடு தானாகக் கலைந்துவிடும் என்று யோசித்து, பம்ப்பின் வாயை மேல்பக்கம் திருப்பினான். தண்ணீர் பீறிட்டு அடித்தது. முதலில் வருகைப் பதிவேடு நனைந்தது, அப்புறம் மூக்கன், கடைசியாகச் சுவிட்சு போர்டு. டப்பென்று ஒரு சத்தம். துறை முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

எலக்ட்ரீஷியன் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலையாக இருந்தார். வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை மீன்களுக்கு மூச்சு முட்டக்கூடாதே என்று, ஆசீரும் மூக்கனும் மாற்றி மாற்றி மக்கில் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ரோஸ் ஏடு அசைந்து கொடுத்ததே தவிர, போகவில்லை.

மறுநாள் ஆசீர் ஒரு முடிவோடு வந்தான். மேல்தண்ணீரை ஏட்டோடு சேர்த்து டம்ளரால் வழித்து வழித்து, இரண்டு வாளி எடுத்தான். அளவு பார்த்து உப்புக் கரைத்துப் புதுத் தண்ணீர் விட்டான். ஞாயிறு முழுக்கத் தொட்டி அரிசி கழுவின தண்ணீர் போல இருந்தது. மதியம் ஷெர்லின் வைத்த பிரியாணிகூட அவனுக்கு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், தண்ணீர் பளிங்கு! மீன்கள் வெளியே வந்திருந்தன. பவளம் விரிந்திருந்தது. ஆசீர் சிலுவை போட்டுக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அமிர்தசாமி வந்தார். வெயிலில் தோல் கருத்திருந்தது. முகம் அதைவிடக் கருத்திருந்தது. பின்னாலேயே அவருடைய ஆராய்ச்சி மாணவி அல்ஃபியா, இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"போன வேலை நல்லபடியா முடிஞ்சுதா சார்?"

"எங்க? கடைசி வரைக்கும் நடக்கல." பெருமூச்சு விட்டவர் தொட்டியைப் பார்த்தார். "பரவாயில்லையே ஆசீர், தண்ணியப் பளிச்சுன்னு வச்சிருக்கீங்க!"

எதையும் சொல்லக்கூடாது என்றுதான் ஆசீர் நினைத்திருந்தான். பாராட்டு அவன் வாயைத் திறந்துவிட்டது.

"சும்மா வரல சார். வெள்ளிக்கிழமை வந்து பாத்தா மேல ஒரே அழுக்கு. உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே சமாளிச்சுட்டேன்."

"அழுக்கா? எப்படி இருந்துச்சு?"

"ரோஸ் கலர்ல சார். கிட்டப் போய்ப் பாத்தா கடுகு கடுகா உருண்டை."

அமிர்தசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நம் கவனிப்பில் மனுஷர் அசந்துவிட்டார் என்று ஆசீர் நிமிர்ந்து நின்றான்.

"வாடை?"

"மீன் வாடை சார். அதையும் கவனிச்சேன்."

"பௌர்ணமி என்னிக்கு வந்துச்சு?"

"அதுக்கு முந்துன திங்கக்கிழமை சார். நான் சமயபுரம் போயிட்டு வந்தனே" என்றார் மூக்கன்.

அமிர்தசாமி விரல் விட்டு எண்ணினார்.

"அதை... என்ன பண்ணீங்க?"

"விடுவனா சார்? ஒரு பொட்டு மிச்சம் வைக்காம வழிச்சு, சிங்க்ல கொட்டி, மேல பினாயிலும் ஊத்திட்டேன்!"

அமிர்தசாமி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பிரயாணக் களைப்பு, பாவம் என்று நினைத்த ஆசீர், டீ வாங்கிவர மூக்கனுக்கு ஜாடை காட்டினான். நிரந்தர வேலை கையில் விழுந்துவிட்டது போலவே இருந்தது அவனுக்கு.

அல்ஃபியா பைகளை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சார், அது அழுக்கு இல்ல, பவளம் விட்ட முட்டை. வருஷத்துல ஒரே ஒரு ராத்திரிதான், பௌர்ணமி கழிஞ்சு சில நாள்ல விடும். அதை ஒரு தடவையாவது கண்ணால பாத்துடணும்னுதான், நானும் சாரும் பத்து நாளா லட்சத்தீவுல கடலுக்குள்ளயே கிடந்துட்டு, பாக்காமயே திரும்பி வந்திருக்கோம்."